பென்சிலுக்கு முன்னே பல்லாங்குழி

மழலையர் கல்விக்கு வேண்டிய கருவிகள் எல்லாமே செட்டிநாட்டு வீடுகளில் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்து ஆடத்தான் ஆள் இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பல்லாங்குழி இல்லாத பழம்பொருள் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீன் உருவத்தில் ஒன்று, மடித்து மூடினால் பெட்டியாகிவிடுகிற இன்னொன்று, தூக்கவே கனக்கிற பித்தளையில் ஒன்று. பக்கத்திலேயே எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், பர்மாத் தேக்கில் இழைத்த கதவு நிலை. வாங்கிப் போகும் பல்லாங்குழி ஓட்டல் வரவேற்பறை மேஜையில் உட்காரும். சென்னை ஃபிளாட்டில் டி.வி.க்குக் கீழே உட்காரும். ஆடுவதற்கென்றே கேட்டு வாங்குகிறவர்கள் அபூர்வம்.

இதே ஊரில் காலை எட்டரை மணிக்கு வேன் ஏறும் எல்.கே.ஜி. பிள்ளையின் பையில் நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு வயது மூன்றரை. ஒரு பக்கம் முழுக்க 'அ', இன்னொரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பாள். பிள்ளை அழும். "பென்சிலையே சரியாப் பிடிக்க மாட்டேங்குது" என்று அப்பாவிடம் புகார் போகும். அப்பா செல்போனில் கைப்பிடி ரப்பர் ஆர்டர் போடுவார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டிய பாடம் பழம்பொருள் கடையில் விலைச் சீட்டோடு இருக்கிறது. ஆனால் பலகையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் பாடம் நடக்காது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 'பழைய விளையாட்டுகளை மீட்போம்' என்று ஆண்டு விழாவில் மேடை போட்டுக் கிட்டிப்புள் அடித்துக் காட்டுகிற பள்ளிகளும் மறந்துவிடுகின்றன.

கை தயாராகும் வரிசை

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தெலும்புதான். முதல் வயதில் தொடங்கி, தோராயமாக வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். கடைசி எலும்பு தெரிய வர எட்டு ஒன்பது வயதைத் தாண்டிவிடும். எல்.கே.ஜி. பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டில் பாதி இடம் வெற்றிடமாகத்தான் தெரியும்.

எலும்பு மட்டும் காரணமில்லை. உடம்பின் கட்டுப்பாடு நடுவிலிருந்து நுனிக்குப் போகிறது. முதலில் முதுகும் தோளும், பிறகு முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியாக விரல் நுனி. தோள் நிலைக்காத பிள்ளை பென்சிலை முழுக் கைப்பிடியில் இறுக்கி, கை முழுவதையும் அசைத்துத்தான் எழுதும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைத் தளர்வாகப் பிடித்து நகர்த்துகிற பிடி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலிலிருந்து ஆறு வயதுக்குள்தான் அமைகிறது. மூன்றரை வயதில் அது வரவில்லையென்றால் குறை பிள்ளையிடம் இல்லை.

அதனால் எழுத்துக்கான முதல் பயிற்சி பாண்டி ஆட்டத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. ஒற்றைக் காலில் நின்று, சில்லைக் குனிந்து எடுத்து, கோட்டை மிதிக்காமல் திரும்புகிற பிள்ளை, முதுகையும் தோளையும் கண்ணையும் ஒன்றாக ஓட்டப் பழகுகிறது. செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டம் கிழிக்கக்கூட வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில், அதாவது கூடத்தில், தரையே கட்டம்தான். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்கிற கல் அது. சிவப்புப் பூ உள்ள கல்லில் மட்டும் கால் வைக்க வேண்டும், பச்சையில் வைத்தால் அவுட் என்று ஒரு விதி போட்டுவிட்டால் மழைக்கால மாலை முழுக்க ஓடிவிடும். கல் வழுக்கும் என்பதால் காலுறையைக் கழற்றிவிடுங்கள்.

கோல மாவில் ஒரு பிடி

விரலுக்கு வருவோம். கோல மாவை எந்த விரல்களால் எடுக்கிறோம்? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பென்சில் பிடிக்கிற அதே மூன்று. மாவு சீராக விழ வேண்டுமென்றால் அழுத்தமும் வேகமும் ஒத்துப் போக வேண்டும். அழுத்தினால் கட்டியாக விழும், தளர்த்தினால் சிந்தும். தவறினால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி போடலாம். நோட்டில் சிவப்பு மையால் விழுகிற பெருக்கல் குறி இதில் கிடையாது. போதாக்குறைக்குக் குந்தி உட்கார்ந்து, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றிப் போட வேண்டும். எந்தத் தசைப் பயிற்சியாளரும் இதைவிடச் சிக்கனமாக ஒரு பாடத்தை வகுக்க முடியாது.

மூன்று வயதில் கோலம் வேண்டாம், புள்ளி போதும். அப்பத்தா வரிசை பிடித்துக் காட்டினால், பிள்ளை அடுத்த வரிசையை வைக்கும். கோணலாக இருக்கட்டும். நாலு வயதில் இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் சேர்க்கலாம், பிறகு நான்கு புள்ளிகளைச் சுற்றி ஒரு கட்டம். கட்டத்தின் மேல் கோட்டை மட்டும் அழித்தால் 'ப'. இன்னும் ஒரு பக்கத்தை, வலது பக்கத்தை, எடுத்துவிட்டால் 'ட'. பாடம் நடத்துகிற குரலில் சொல்ல வேண்டியதில்லை. "இதுதான் பட்டாணிக்கு வர்ற ப, ஆத்தா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம்.

'அ'வில்தான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை இங்கே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. நெடுங்கணக்கை ஓத 'அ' முதலாக இருக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் எழுதும் கைக்கு 'அ' மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று. சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் அதற்குள் அடக்கம். 'இ'யும் 'ஞ'வும் அதையும் மிஞ்சும். நேர்கோட்டில் முடிகிற ட, ப முதலில், ஒரு வளைவு மட்டும் உள்ள ம அடுத்து, சுழியுள்ளவை அதற்குப் பிறகு என்று கையின் வரிசையில் போனால் பிள்ளை அழாது. ஓதுகிற வரிசை ஒன்று, எழுதுகிற வரிசை வேறொன்று. இரண்டையும் ஒரே நோட்டில் திணித்ததுதான் பிரச்சினை.

சுழிகளுக்கும் கோலத்தில் பயிற்சி உண்டு. புள்ளியைச் சுற்றி வளைந்து ஓடுகிற சிக்குக் கோலத்தில், கை எடுக்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஐந்து வயதில் ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி வந்தால் போதும். இந்த வளைவுகளுக்குள் எத்தனை ஒழுங்கு இருக்கிறது என்பதைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். கணினி அறிவியலில் படங்களுக்கான இலக்கண விதிகளை வகுக்க அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நம் வாசல் கோலம்.

கையால் போடுவதற்கும் கோட்டின் மேல் கோடு இழுப்பதற்கும் வித்தியாசம் உண்டா? அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைச் சொந்தமாக எழுதவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும், சிலவற்றை அச்சின் மேலேயே வரையவும் சொன்னார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்தபடி அந்த எழுத்துகளைக் காட்டினார்கள். பெரியவர்கள் படிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகள், பிள்ளைகள் தாங்களே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் விழித்துக்கொண்டன. புள்ளி வைத்த எழுத்தின் மேலேயே இருபது முறை எழுதச் சொல்கிற பயிற்சி நோட்டுகளை அச்சடிப்பவர்கள் இதைப் படித்தால் நல்லது. பிள்ளை தானாகப் போட்ட கோணல் 'ப'வுக்கு, அச்சு மேல் அழகாக ஓட்டிய 'ப'வைவிட மதிப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைக்குக் கொடுப்பது அரிசி மாவாக இருக்கட்டும். கல் மாவு கண்ணில் பட்டாலும் மூச்சில் போனாலும் உறுத்தும். மாவு கைவசம் இல்லையென்றால் ஒரு சொம்புத் தண்ணீரும் தென்னங்குச்சியும் போதும். முற்றத்துக் கல்லில் எழுதி, வெயில் குடித்து முடிப்பதற்குள் அடுத்த எழுத்தை எழுதச் சொல்லலாம்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் முதல் பாடம். அது உலகம் சுற்றிய கதை அதிகம் பேருக்குத் தெரியாது. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த ஆண்கள் விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கண்காணிப்பாளரானார். ஒரு நாள் காலையில் குதிரை மேல் போகும்போது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தம் பள்ளியில் இதைப் புகுத்தச் சொன்னார். ஆசிரியர்களுக்கு இஷ்டமில்லை. உடனே ஒரு சிறுவனையே வாத்தியாராக்கி, அவனைவிடச் சிறியவர்களுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுக்க வைத்தார். வேலை நடந்தது. 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணல் தட்டுகள் வந்தன.

பெல் கொண்டுபோனது மணலை மட்டுமில்லை, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் சேர்த்துத்தான். திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து தள்ள எனக்கு விருப்பமில்லை. அங்கே கோதண்டமும் பிரம்படியும் இருந்தன, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததில்லை, பெண் குழந்தைகள் அநேகமாக இல்லவே இல்லை. செட்டிநாட்டில் எண்சுவடியும் கணக்கும் பயின்ற பையன்கள் சின்ன வயதிலேயே கப்பலேறி, பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவிக் கடைகளில் பெட்டியடிப் பையன்களாக உட்கார்ந்தார்கள். அந்தப் படிப்புக்கு ஒரு நோக்கம் இருந்தது. மழலைப் பருவத்தின் சுகம் அந்த நோக்கத்தில் இல்லை. ஆனாலும் எழுத்தை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஒரு விஷயம் திண்ணைப் பள்ளி வாத்தியார்களுக்குத் தெரிந்திருந்தது.

1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரியும் அதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார். உப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்துகளைப் பலகையில் ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்தார். தடவும்போதே எழுத்தின் ஒலியையும் சொல்ல வைத்தார். அவர் 1939 நவம்பரில் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். சில மாதங்களில் திரும்ப வேண்டியவரைப் போர் நிறுத்திவிட்டது. இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மாரியோவைச் சில காலம் காவலில் வைத்தது. அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை அவர் இந்தியாவில் தங்கினார். கொடைக்கானல் வகுப்பில் மிகச் சிறிய பிள்ளைகளையும் பெரிய பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துக் கவனித்தது அவருடைய பிற்காலச் சிந்தனையையே மாற்றியது. இன்று 'மாண்டிசோரி' என்ற பெயர்ப் பலகை தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் தொங்குகிறது. பலகையைத் தாண்டி உள்ளே போனால் பல இடங்களில் அதே நான்கு கோடு நோட்டுதான்.

ஜெர்மனியில் கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரோபல் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கைவேலைகளில் ஒன்று, வண்ணக் காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் முடைவது. அதைப் படிக்கும்போது கொட்டான் நினைவு வரும். ஓலைப் பட்டையை ஒன்று விட்டு ஒன்று தூக்கிக் கோத்து முடைகிற செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலியாணச் சீரில் அடுக்கடுக்காக வைக்கும் பெட்டி, நலிந்துபோன கைத்தொழிலாக இருந்து மீட்கப்பட்ட கதை தனி. நாலு வயதுக்காரருக்குக் கொட்டான் முடைய வராது. நான்கு பட்டையை வைத்து ஒரு சதுரம் கோக்க வரும். 'மேலே, கீழே, மேலே, கீழே' என்று சொல்லிக்கொண்டே கோக்கும்போது வாயும் கையும் கண்ணும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டுகிற பழக்கத்தையும் அது கள்ளத்தனமாகக் கொடுத்துவிடும்.

ஏழு ஏழு பதினாலு

பல்லாங்குழியின் பெரிய ஆட்டம் மூன்று வயதுக்கு உரியதில்லை. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய், சுற்றி வந்து வெறும் குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளுவது, நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வது எல்லாம் ஆறு ஏழு வயதுக் கணக்கு. ஆனால் பலகை அதே பலகைதான். ஆட்டத்தை வயதுக்குத் தக்கபடி இறக்கிக்கொள்ளலாம்.

முதல் படி, குழிக்கு ஒன்று. பிள்ளை கையில் ஒரு பிடி காயைக் கொடுத்து ஒவ்வொரு குழியிலும் ஒன்று மட்டும் போடச் சொல்வது. கேட்க எளிது, செய்து பாருங்கள். உள்ளங்கையில் பத்துக் காய் இருக்கும்போது ஒன்றை மட்டும் கட்டைவிரலால் நகர்த்தி நுனிக்குக் கொண்டுவந்து விட வேண்டும், மற்ற ஒன்பதும் சிந்தக் கூடாது. பென்சிலை விரல்களுக்குள் நகர்த்தப் போகிற தசைகள் இவைதான். 'ஒரு குழிக்கு ஒரு காய்' என்பதே எண்ணிக்கையின் அடித்தளமும். ஒன்று இரண்டு என்று இருபதுவரை ஒப்பிக்கிற பிள்ளை, ஏழு தட்டுக்கு ஏழு கரண்டி எடுத்து வரச் சொன்னால் அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு.

இரண்டாம் படியில் கேள்விகள் வரும்.

"உன் குழியில எத்தனை இருக்கு?"

"மூணு."

"அப்பத்தா குழியில?"

"நிறைய."

"நிறையன்னா எத்தனை? எண்ணிச் சொல்லு பாப்போம்."

"…அஞ்சு."

"அப்ப உனக்கு இன்னும் எத்தனை போட்டா ரெண்டு பேருக்கும் சமம்?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளை உடனே பதில் சொல்லாது. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். கழித்தல் என்ற பெயரே தெரியாமல் கழித்துவிடும். பலகையில்லாத வீட்டில் முட்டை அட்டையை வெட்டி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். அறிமுகத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

காய் விஷயத்தில் கவனம் வேண்டும். சோழி நல்லது, புளியங்கொட்டை நல்லது. குன்றிமணி கூடவே கூடாது. சிவப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் இருப்பது கடும் விஷம். ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எதையும் வாயில், மூக்கில், காதில் போடும் என்பதால் அவர்களுக்குச் சின்னக் காயே வேண்டாம், எலுமிச்சை அளவு உருண்டைகள் போதும். காயை எண்ணி எடுத்து எண்ணி வைப்பதை ஆட்டத்தின் கடைசிச் சுற்றாக்கிவிட்டால் பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, பாடத்துக்குப் பாடம்.

சமையல்கட்டில் சீப்புச் சீடையும் இதே மாதிரி விரல் பயிற்சிதான். மாவைச் சின்னச் சதுரமாகத் தட்டி, சீப்புப் பல் வரி விழ அழுத்தி, இரண்டு நுனியையும் சுருட்டி ஒட்ட வேண்டும். பண்டிகைக்கு முன் அந்த மாவில் ஒரு உருண்டையைப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சத்தம் வராது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் விடாதீர்கள்.

விளையாடினால் மட்டும் போதுமா?

இங்கே கொஞ்சம் கசப்பான செய்தி. 2017இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மொய்ரா டில்லன், எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே முதலானோர், 'பிரதம்' அமைப்பின் துணையோடு டெல்லியின் 214 மழலையர் பள்ளிகளில் 1,540 பிள்ளைகளிடம் நடத்தியது. எண்ணிக்கை, வடிவம் பற்றிய விளையாட்டுகளைப் பிள்ளைகள் நான்கு மாதம் ஆடினார்கள். எது அதிகம், எந்த வடிவம் மாறுபட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற திறன் கூடியது, ஒரு வருஷம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக் கணக்கில், எண் குறிகளையும் பெயர்களையும் வைத்துச் செய்கிற கணக்கில், நிலையான முன்னேற்றம் இல்லை.

ஆட்டம் தானாகவே எழுத்தாகவோ எண்ணாகவோ மாறிவிடாது என்பதுதான் இதன் பொருள். பல்லாங்குழியில் ஐந்து காயை அள்ளத் தெரிந்த கைக்கும், பலகையில் எழுதியிருக்கிற '5'க்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைப் போடுவது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் பேச்சு. 'அஞ்சு இருக்கா, சரி, அஞ்சை இப்படித்தான் போடுவாங்க' என்று மாவில் ஒரு இழுப்பு. கோலக் கட்டத்தைக் காட்டி 'இது ப' என்று ஒரு சொல். உப்புக் காகித எழுத்தைத் தடவும்போதே ஒலியையும் சொல்ல வைத்த மாண்டிசோரிக்கு இது தெரிந்திருந்தது.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. நம் மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. சமையல், எடை பார்ப்பது, பதிவேடு, வீடு வீடாகப் போவது என்று பணியாளர் தலையில் ஏகப்பட்ட வேலை. இருக்கிற நேரத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்கார எவ்வளவு மிஞ்சும்? கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 640 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த சிலவற்றில் அரை நாள் வேலைக்கு ஒரு பெண்ணைக் கூடுதலாக, கற்பித்தலுக்கென்றே அமர்த்தினார்கள். பெரிய பட்டதாரிகள் இல்லை, உள்ளூர்ப் பெண்கள், குறுகிய பயிற்சி. மழலைக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், மொழியில் இன்னும் அதிகமாக. ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு அந்த வேலையைச் சரியாகச் செய்ய நேரம் கிடைத்தது.

அங்கன்வாடியில் பணியாளருக்கு இல்லாத நேரம் செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் இருக்கிறது. அங்கே பிரச்சினை தலைகீழ். கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் நாலு கட்டு வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ தனியாக இருக்கிறார்கள். பேரப் பிள்ளை சிங்கப்பூரில், சென்னையில். பலகை இங்கே, பிள்ளை அங்கே. வளவில் கலியாணம் என்றால் ஒரு வாரம் எல்லோரும் கூடுவார்கள், அப்போதும் பிள்ளை கையில் செல்போன். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் திரை தேய்க்க ஒரு விரல் போதும். மற்ற ஒன்பது விரல்களும் சும்மா இருக்கின்றன.

காதுக்கும் ஒரு விளையாட்டு

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். படிப்பு காதில்தான் முதலில் பிடிபடுகிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலையும் மடக்கி ஆளுக்கொரு பங்கு வைத்து, நண்டாக ஊர்ந்து அக்குளில் போய் முடிக்கிற ஆட்டத்தை எந்தத் தாயும் யாரிடமும் கற்றுக்கொள்வதில்லை. அதில் விரல் தனித்தனியாக அசையும், ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும், அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். கதை படிக்கும் மனதுக்கு இவை மூன்றும் வேண்டும்.

செட்டிநாட்டுக்கு இதில் தனிப் பெருமை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது இங்கே ராயவரத்தில். இந்தியன் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக ஆயிரக்கணக்கில் எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர். 'மலரும் உள்ளம்' தொகுப்பைப் புரட்டினால் தெரியும், சந்தம் ஒருபோதும் தட்டாது. எதுகையைக் கேட்டுப் பழகிய காது, சொல்லை அசையாக உடைக்கத் தானே கற்றுக்கொள்ளும். தமிழ் எழுத்து அசைக்கு நெருக்கமானது என்பதால் இது நேரடியாக வாசிப்புக்கு உதவும். கன்னடப் பிள்ளைகளை வைத்துச் சோனாலி நாக் 2007இல் காட்டியது போல, நூற்றுக்கணக்கில் வடிவங்கள் உள்ள நம் எழுத்து முறைகளைப் பிள்ளைகள் முழுதாகப் பிடிக்க மூன்று நான்கு வகுப்புகள்கூட ஆகும். 247ஐயும் யு.கே.ஜி. முடிவதற்குள் எழுத வைத்தே தீருவது என்று நிற்கிற பள்ளி நிர்வாகிகள் இந்தக் கணக்கை ஒரு முறை பார்க்கலாம்.

வீட்டில் ஆடச் சுலபமான ஒலி விளையாட்டு ஒன்று. பண்டத்தின் பெயர் சொல்ல வேண்டும், எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'க' என்றால் கவுனி அரிசி, கந்தரப்பம், கருப்பட்டிப் பணியாரம். 'கு' என்றால் கும்மாயம், குழிப்பணியாரம். கவுனியும் கும்மாயமும் ஒரே எழுத்தா, வேறு வேறா என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை ஒரு நிமிஷம் யோசிக்கும், வாயை அசைத்துப் பார்க்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் எழுதப்படாத இலக்கணம் முழுக்க ஓடும். பள்ளியில் ரொட்டி, ஜாம் என்று ஆடினாலும் தப்பில்லை. பலகாரத்தில் ஆடினால் தோற்றவர் செய்து தர வேண்டும் என்று விதி போடலாம்.

அரசுத் தரப்பில் காகிதத்துக்குக் குறைவில்லை. அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு 2022இலிருந்து 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. இவை எல்லாமே விளையாட்டைத்தான் சொல்கின்றன. எதிர்ப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். நோட்டு நிறையாமல் வந்தால் 'ஃபீஸ் எதுக்குக் கட்டுறோம்?' என்கிற கேள்வி வரும், வந்தவுடன் பள்ளி நோட்டைத் தூக்கும். பள்ளியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

விஜயதசமி அன்று பித்தளைத் தட்டில் அரிசியைப் பரப்பி, தாத்தா மடியில் உட்கார வைத்து, பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுத வைக்கிறோம். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறோம். மறுநாள் அரிசி பானைக்குப் போய்விடும், தட்டு பரணுக்குப் போய்விடும், பிள்ளை நோட்டுக்குப் போய்விடும். இந்த வருஷம் தட்டைப் பரணில் ஏற்றாமல் இருந்து பாருங்கள். சோற்று அரிசி வேண்டாம் என்றால் ஆற்று மணலை அலசிக் காயவைத்துப் பரப்பலாம். சாப்பாட்டு மேஜைக்குக் கீழே, பிள்ளை தானாக இழுத்துக்கொள்ளும் உயரத்தில் கிடக்கட்டும். விரல் போதும். பக்கத்தில் நீங்களும் தரையில் உட்கார்ந்தால், அடுத்த பொங்கலுக்குள் அது முதலில் எந்த எழுத்தைத் தானாகப் போடுகிறது என்று தெரிந்துவிடும். அது 'அ'வாக இருக்காது. பெரும்பாலும் 'ப'வாகவோ, தன் பெயரின் முதல் எழுத்தாகவோதான் இருக்கும்.